வெள்ளையடித்த பட்டறை

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் கனகமாலாவைப் பற்றி இரண்டு செய்திகள் உலவுகின்றன. இரண்டும் தவறு. முதலாவது, தில்லியிலிருந்து வந்த அதிகாரிக்கு ஒரு பட்டுப்புடவையைக் கொடுத்து, இறக்குமதி எஃகின்மேல் வரி போட வைத்தார் என்பது. இரண்டாவது, அந்த வரியால் அவர் பெரும் பணம் சேர்த்துவிட்டார் என்பது. நான் அவருடைய பட்டறைக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறேன். நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் பண்டகக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். நடந்ததை நடந்தபடி ஒருவர் எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. கண்ணால் பார்த்ததைப் பார்த்ததாகவும், கேட்டதை யார் சொன்னார் என்று குறித்தும் எழுதுகிறேன்.

புடவைக் கதையை முதலில் தள்ளிவிடலாம். கனகமாலா பட்டைத் தொடுவதில்லை. அவர்கள் சமணர்கள், திருமுக்கூடல் பக்கம் நிலமுள்ள நயினார் குடும்பம். பூச்சியைக் கொன்று எடுத்த நூல் என்பதால் அந்த வீட்டில் கல்யாணத்துக்குக்கூடப் பருத்திதான். காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு ஒரு பட்டுப்புடவையும் வாங்காத பெண்மணி அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

ஆனால் அவர் செய்வது நெசவைச் சார்ந்த தொழில். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல்களைச் சீப்பு மாதிரி பிரித்து நிறுத்துகிற சட்டத்துக்கு அச்சு என்று பெயர். அந்தச் சீப்பின் பற்கள் மெல்லிய எஃகுப் பட்டையால் ஆனவை. உருண்டைக் கம்பியை வாங்கி, இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கிப் பட்டையாக்கி, ஓரம் தேய்த்து, சுருளாகச் சுற்றி அச்சு கட்டுகிறவர்களுக்கு விற்பதுதான் கனகமாலாவின் பட்டறை. ஓரத்தில் பிசிறு இருந்தால் நூல் அறுந்துபோகும். அவர் கணவர் சக்கரவர்த்தி தொடங்கிய பட்டறை. அவர் மாரடைப்பில் போன பிறகு இவர் எடுத்து நடத்துகிறார். இரண்டு உருளை இயந்திரங்கள், எட்டு ஆட்கள்.

பட்டறைக்குப் பக்கத்து வீட்டு மாணிக்கவாசகம் அச்சு கட்டுபவர். இந்தப் பட்டறையின் முதல் வாடிக்கையாளர் அவர்தான். வாரத்தில் ஒரு நாளாவது கனகமாலாவைச் சீண்டாமல் இருக்க மாட்டார்.

“பட்டு பாவம்ங்கற. பட்டு நெய்யற அச்சுக்குப் பல்லு குடுக்கறது மட்டும் புண்ணியமாம்மா?”

“நான் இரும்பு விக்கறேண்ணா. அதுல நீ பட்டு ஓட்டறியா பருத்தி ஓட்டறியான்னு நான் கேட்டனா?”

“கேக்காம இருந்தா பாவம் வராதா?”

“வருதோ என்னவோ. அதை நெனச்சிக்கினு நானே தூங்காம கெடக்கறேன். நீ வேற கெளறாத.”

இதுதான் அவர் சுபாவம். தன் பக்கம் ஓட்டை இருந்தால் இருக்கிறது என்று சொல்லிவிடுவார். பிசிறு வந்த சுருளை யார் திருப்பிக் கொண்டுவந்தாலும் வாக்குவாதம் செய்யாமல் மாற்றிக் கொடுப்பார். தறியில் ஒரு பல் ஒடிந்துபோய் அதற்கு மட்டும் பட்டை கேட்டு வருகிறவர்களிடம் காசு வாங்கியதில்லை. குறை சொல்வதானால் ஒன்று உண்டு. சுத்தம் என்றால் அவருக்குப் பைத்தியம். இரும்புப் பட்டறையில் எண்ணெய்க்கறை இருக்கத்தானே செய்யும்? கனகமாலாவின் பட்டறையில் உமியைப் போட்டுத் தேய்த்துத் தரையைத் துடைப்பார்கள். வெளியாள் வந்தால் அழுக்குத் துணி கண்ணில் படக்கூடாது. கஷ்டமும் கண்ணில் படக்கூடாது. “எப்படிப் போவுது?” என்று யார் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: “நல்லா இருக்குது.”

2021 தீபாவளிக்குப் பிறகு ஒரு நாள் மாணிக்கவாசகம் ஒரு சுருளைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். கப்பலில் வந்த சரக்கு. சென்னையில் ஓர் இறக்குமதியாளர் கொண்டுவந்து, பாலாஜி என்கிற விற்பனையாளர் மூலம் காஞ்சிபுரத்தில் விற்கிறார். அப்போது நானும் அங்கே இருந்தேன். கனகமாலா வெயிலில் போய் நின்று பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் ஓரத்தைத் தடவினார்.

“நல்ல சரக்குண்ணா.”

மாணிக்கவாசகம் சண்டையை எதிர்பார்த்து வந்தவர். இதைக் கேட்டு அவருக்குச் சப்பென்று போய்விட்டது. விலையைச் சொன்னார். கனகமாலா மறுபடி கேட்டார். அவர் மறுபடி சொன்னார். அந்தப் பட்டையின் விலை, இவர் வாங்குகிற வெறும் கம்பியின் விலையைவிடக் குறைவு.

அன்று மாலை மூத்த ஆளான தர்மன், “அவங்க எப்படிக்கா இந்த விலைக்குக் குடுக்கறாங்க? நம்ம மெஷின் சரியில்லையா?” என்று கேட்டாராம். அவர் உத்தரமேரூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர். சக்கரவர்த்தி காலத்திலிருந்து இருக்கிறார். கனகமாலா சொன்ன பதிலைத் தர்மன் என்னிடம் இப்படித்தான் சொன்னார்: “அரிசி, உளுந்து விலைக்குக் கீழ ஒருத்தன் இட்லி விக்கறான்னா, அவன் சமையல்ல கெட்டிக்காரன்னு அர்த்தம் இல்ல தர்மா. அரிசிக்கு வேற யாரோ காசு குடுக்கறாங்கன்னு அர்த்தம்.”

அது உண்மைதான். அந்தச் சரக்கை அனுப்புகிற நாட்டின் அரசாங்கம் தன் ஆலைகளுக்கு மின்சாரத்திலும் கடனிலும் சலுகை கொடுக்கிறது. அங்கே விற்காமல் மிஞ்சிய எஃகை எந்த விலைக்காவது வெளியே தள்ளுகிறார்கள். இதைப் பின்னால் சம்யுக்தா என்கிற பெண் எனக்கு விளக்கினாள். அவளைப் பற்றி வரும் இடத்தில் சொல்கிறேன்.

ஆறு மாதத்துக்குள் அச்சு கட்டுகிறவர்களில் பாதிக்குமேல் அந்தச் சரக்குக்கு மாறிவிட்டார்கள். மாணிக்கவாசகமும் மாறினார். ஆனால் ஒளிந்து மாறவில்லை. நேரே வந்து சொன்னார்: “தறிக்காரன் விலை ஏத்த மாட்டான். நான் என்னம்மா பண்ணுவேன்.” கனகமாலா, “உன் வயித்தை நீ பாருண்ணா” என்றார்.

அப்புறம் பாலாஜியே பட்டறைக்கு வந்தான். மரியாதையான பையன். கனகமாலா அவனுக்கு மோர் கொடுத்தார். அவன் வந்த காரியம், காஞ்சிபுரத்துக்கு அவரையே ஏஜென்டாக்குவது.

“மெஷினை ஆஃப் பண்ணிடுங்கம்மா. கரண்டு பில் மிச்சம், ஆள் சம்பளம் மிச்சம். நீங்க கடையைத் தெறந்து வெச்சி உக்காந்தாப் போதும். உங்க பேருக்கே சரக்கு ஓடும்.”

“எங்க விரதத்துல களவுக்கு அஞ்சு வழி சொல்லியிருக்குது தம்பி. எடுத்துக்கினு போறது மட்டும் களவு இல்ல. எடையில குறைக்கறது, கலப்படம் பண்றது, இதெல்லாம்கூடக் களவு. நாடு தாறுமாறா இருக்கறப்ப நியாய விலைக்குக் கீழ ஒரு பொருளை வாங்கறதையும் அதுலதான் சேத்திருக்காங்க.”

“இதுல களவு எங்கம்மா இருக்குது? பில்லு இருக்குது, ஜி.எஸ்.டி. இருக்குது.”

“பில்லு இருக்குது. விலைதான் பொய்யா இருக்குது.”

பாலாஜி சிரித்துக்கொண்டே மோரைக் குடித்துவிட்டுப் போனான். பட்டறை ஆட்கள் எட்டுப் பேரும் ஜன்னல் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்ததும் கனகமாலா அதட்டினார்: “என்ன வேடிக்கை? உருளைக்கு எண்ணெய் யாரு போடறது?”

அதன்பின் இரண்டாண்டுகள் அவர் பட்டறையை ஓட்டிய விதம் எனக்கே அப்போது முழுதும் தெரியாது. ஒரு இயந்திரத்தை நிறுத்திவிட்டார். ஆனால் ஆள் எவரையும் நிறுத்தவில்லை. மற்றதை எட்டுப் பேர் மாறி மாறி ஓட்டினார்கள். மற்ற நேரம் ஓரம் தேய்த்தார்கள், பெயின்ட் அடித்தார்கள். சனிக்கிழமை பகல் சாப்பாட்டுக்கு முன் கூலி கைக்கு வந்துவிடும். ஒரு வாரமும் தவறியதில்லை. விற்காத சுருள்கள் பின்னறையில் கூரைவரை ஏறின. கேட்டால், “ஆர்டர் வந்திருக்குது, ஒண்ணா அனுப்பணும்” என்பார். துளசி என்கிற பெண், அங்கே ஓரம் தேய்ப்பவள், ஒருமுறை என்னிடம் சொன்னாள்: “எங்க ஆர்டர் மட்டும் வந்துக்கினே இருக்குது தாத்தா, போவமாட்டேங்குது.”

2023-இல் அரக்கோணத்திலும் சேலத்திலும் இதே தொழில் செய்கிற இருவர் கனகமாலாவைத் தேடி வந்தார்கள். மூவரும் சேர்ந்து தில்லியில் மனுப் போடலாம், இறக்குமதி விலையால் உள்நாட்டுத் தொழிலுக்குப் பாதிப்பு என்று நிரூபித்தால் அரசு வரி போடும் என்றார்கள். அந்த மனுவை எடுத்து நடத்தியவள்தான் சம்யுக்தா. சென்னையில் காஸ்ட் அக்கவுன்டன்ட், வந்தவாசிப் பக்கத்துப் பெண். மனு தோற்றால் என்ன என்று தர்மன் கேட்டதற்குக் கனகமாலா மறைக்காமல் சொன்னார்: “தோத்தா அதுக்கு அடுத்து வர்ற பொங்கலுக்குப் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான். அதுக்கு மேல என்னால முடியாது.” எட்டுக் குடும்பங்களும் அந்த வார்த்தையைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தன.

மறுபக்கமும் ஒரு மனு போயிற்று. பட்டை விலை ஏறினால் அச்சு விலை ஏறும், தறிக்காரருக்குக் கஷ்டம் என்று அச்சு கட்டுகிறவர்கள் கையெழுத்திட்டு அனுப்பினார்கள். மாணிக்கவாசகமும் கையெழுத்திட்டார். அன்று சாயங்காலமே வந்து அதையும் சொல்லிவிட்டார்.

“உனக்கு எதிரா கையெழுத்துப் போட்டுட்டு வரேன்.”

“தமிழ்ல போட்டியா இங்கிலீசுலயா?”

“தமிழ்லதான்.”

“அப்ப அங்க யாருக்கும் புரியாது, உக்காரு. காப்பி குடிச்சிட்டுப் போ.”

2024 ஆடி மாதம், தில்லியிலிருந்து ஓர் அதிகாரி பட்டறையை நேரில் பார்வையிட வருகிறார் என்று சம்யுக்தா தொலைபேசியில் சொன்னாள். ஒரு வாரம் இருந்தது. அந்த ஒரு வாரத்தில் நடந்ததை நான் வாசலில் உட்கார்ந்தபடி பார்த்தேன். பட்டறைக்கு வெள்ளையடித்தார்கள். கதவுக்குப் பச்சை பெயின்ட். இரண்டு இயந்திரங்களையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். ஆயுத பூஜைக்கு இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. ஆட்களுக்கு ஒரே நிறத்தில் சட்டை வந்தது. எல்லாம் முடிந்த பிறகு கனகமாலா பின்னறையைத் திறந்து, கூரைவரை நின்ற சுருள்களைப் பார்த்தார். நேரே மாணிக்கவாசகத்தின் வீட்டுக்குப் போனார்.

“அண்ணா, உன் கொட்டகையில கொஞ்சம் எடம் இருக்குதா?”

“எதுக்கு?”

“விக்காத சரக்கைக் கொஞ்சம் வெக்கணும். தில்லியிலேருந்து ஒருத்தர் வராரு. வர்றவருக்கு முன்னால இப்படித் தேங்கிக் கெடந்தா நல்லாவா இருக்குது?”

மாணிக்கவாசகம் சிரித்த சிரிப்பு என் வீடுவரை கேட்டது. “உனக்கு எதிரா மனுப் போட்டவன் நான். என் வீட்ல கொண்டாந்து உன் சரக்கை வெக்கறியே, உனக்கு வேற ஆளே கெடைக்கலையா?”

“நீ திருட மாட்டேன்னு தெரியும். அது போதும்.”

மூன்று நாள் மாலையில் ஆட்கள் சுருள்களைத் தூக்கிக் கொண்டுபோய்க் கொட்டகையில் அடுக்கினார்கள். மாணிக்கவாசகம் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். எல்லாருக்கும் அது சரியான காரியமாகவே பட்டது. எனக்கும் பட்டது. பெண் பார்க்க வரும்போது கிழிந்த பாயை யார் வெளியே விரிப்பார்கள்?

அதிகாரி வந்தார். வயதானவர், மெதுவாகப் பேசுபவர். வாசலில் மாக்கோலத்தையும் பளபளவென்ற தரையையும் பார்த்துவிட்டுக் காலணியைக் கழற்றி வைத்தார். வேண்டாம் என்று சொன்னாலும் கேட்கவில்லை. காலுறையோடு உள்ளே போனார். இரண்டு இயந்திரங்களும் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. எட்டுப் பேரும் நீலச் சட்டையில் நின்றார்கள். அவருக்குப் பின்னால் வந்த சம்யுக்தா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“ஆன்ட்டி, என்ன இது?”

“என்ன? நல்லா இல்லையா?”

“இது இன்ஸ்பெக்ஷன், ஆன்ட்டி. நிச்சயதார்த்தம் இல்ல. நாம ‘ஒரு மெஷின் ரெண்டு வருஷமா சும்மா நிக்குது’ன்னு எழுதிக் குடுத்திருக்கோம். இங்க ரெண்டும் ஓடிக்கினு இருக்குது. ஸ்டாக் எங்க?”

கனகமாலா கண்ணால் பக்கத்து வீட்டைக் காட்டினார். சம்யுக்தா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

நான் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அதிகாரி காகிதத்தைப் புரட்டிக்கொண்டே பட்டறையைச் சுற்றி வந்தார். பின்னறைக்குப் போய், வெறுமையாக இருந்த சுவரைப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில் கேட்டார். சம்யுக்தா அதைத் தமிழில் சொல்ல வேண்டியதாயிற்று.

“நீங்க எழுதிக் குடுத்ததுல நெறைய சரக்கு விக்காம தேங்கியிருக்குதுன்னு இருக்குது. இங்க ஒண்ணும் காணோம். இதுதான் மொத்தச் சரக்கான்னு கேக்கறார்.”

ஆம் என்றால் மனுவில் எழுதியது பொய்யாகிவிடும். வேறு எங்கோ அனுப்பிவிட்டேன் என்று சமாளித்தால் இப்போது சொல்வது பொய்யாகிவிடும். வாசல் பக்கம் தெருவே கூடியிருந்தது. மாணிக்கவாசகமும் இடுப்பில் சாவியோடு அங்கே நின்றுகொண்டிருந்தார். கனகமாலா சம்யுக்தாவின் பக்கம் திரும்பினார்.

“இல்லன்னு சொல்லும்மா. விக்காதது பக்கத்து வீட்டுக் கொட்டகையில இருக்குது. வர்றவர் பாத்தா அசிங்கம்னு நான்தான் ஒளிச்சு வெச்சேன். ரெண்டாவது மெஷினும் இன்னிக்கு மட்டும்தான் ஓடுது. அதையும் சொல்லிடு.”

சம்யுக்தா சொன்னாள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றிக் கனகமாலாவைப் பார்த்தார். பிறகு எல்லாரும் தெருவில் இறங்கினோம். கொட்டகை வாசலில் மாணிக்கவாசகம் தயங்கினார். அவர் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. சாவி வீட்டில் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதிகாரி தில்லிக்குத் திரும்பியிருப்பார். பட்டை விலையும் மலிவாகவே இருந்திருக்கும். அவர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார்.

“நான் இவங்க கட்சி இல்ல சார், எதிர்க்கட்சி. வரி போடக்கூடாதுன்னு எழுதினவன். ஆனா சரக்கு இங்கதான் இருக்குது.”

அதையும் சம்யுக்தா மொழிபெயர்த்தாள். கதவு திறந்தது. சுருள்கள் உத்தரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றன. அடியிலிருந்தவை எண்ணெய் வற்றித் துருப்பிடிக்கத் தொடங்கியிருந்தன. அதிகாரி காலுறையோடு உள்ளே ஏறி, தானே எண்ணினார்.

திரும்பிப் பட்டறைக்கு வந்து உட்கார்ந்ததும் இன்னொரு கேள்வி வந்தது. விற்பனை பாதியாகக் குறைந்திருக்கிறது, கூலி குறையவில்லை, அந்தப் பணம் எங்கிருந்து வந்தது?

“இதை உள்ள போயிப் பேசலாம்மா” என்றார் கனகமாலா.

“இங்கயே சொல்லணும், ஆன்ட்டி. அவர் எழுதிக்கணும்.”

எட்டுப் பேரும் இயந்திரங்களை நிறுத்திவிட்டு நின்றார்கள். இரண்டாண்டுகளாக அவர் யாரிடமும் சொல்லாதது அதுதான். அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: “நெல்லு.”

திருமுக்கூடல் நிலத்தில் இரண்டாண்டுகளாக விளைந்த நெல்லை ஒவ்வொரு போகமும் விற்று ஆட்களுக்குக் கொடுத்திருக்கிறார். வீட்டுச் சாப்பாட்டுக்கு ரேஷன் அரிசி. சம்யுக்தாவுக்கே அது தெரியாது. கனகமாலாவிடம் மறுபடி ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டுதான் மொழிபெயர்த்தாள்.

அதிகாரி எழுதி முடித்து, கும்பிட்டு விடைபெற்றுப் போனார். அவர் கையில் யாரும் எதுவும் கொடுக்கவில்லை. பொழுது சாய்ந்துவிட்டது. சமண வழக்கப்படி இருட்டிய பிறகு கனகமாலா சாப்பிடமாட்டார் என்பதால் அன்று மத்தியானச் சாப்பாட்டோடு சரி. வெளியே தெரு கலைந்ததும் தர்மன் முன்னால் வந்து நின்றார். நன்றி சொல்லப் போகிறார் என்று நான் நினைத்தேன். அவர் கோபமாக இருந்தார்.

“எங்களுக்குத் தெரியாம எங்களுக்குச் சோறு போட்டீங்களா? நாங்க என்ன கோயில் மாடாக்கா?”

“அப்படி இல்ல தர்மா.”

“வேற எப்படி? வேலை செஞ்சி வாங்கற கூலின்னு சொல்லித்தானே வீட்டுக்கு எடுத்துக்கினு போனோம்.”

துளசி குறுக்கே வந்தாள். “நெல்லுலேருந்துதான் கூலி வருதுன்னா நெல்லு வேலைக்கே போவோம்கா. இங்க ஒரு மெஷினுக்கு ரெண்டு பேர் போதும். மீதிப் பேரு கழனிக்கு வரோம். வெளியாள் கூலி உங்களுக்கு மிச்சம்.”

இப்படித்தான் பிள்ளையார்பாளையத்து உருளை ஆட்கள் ஆறு பேர் ஆவணியில் சம்பா நடவுக்குத் திருமுக்கூடல் போனார்கள். காலையில் வண்டியேறிப் போய் மாலையில் திரும்புவார்கள். தர்மனைத் தவிர மற்ற ஆண்கள் யாரும் சேற்றில் இறங்கியவர்கள் அல்ல. அந்த ஊர்ப் பெண்கள் வரப்பில் நின்று சிரித்ததைத் துளசி நடித்துக் காட்டினாள்: “காஞ்சிபுரத்து ஆளுங்க, பாவு மாதிரி நேரா நடுவாங்கன்னு பாத்தா, பல்லி ஓடின மாதிரி இல்ல போவுது.” நட்டதில் ஒரு பகுதியை மறுபடி பிடுங்கி நட வேண்டியிருந்ததாம். தை அறுவடையில் அவர்கள் கொஞ்சம் தேறியிருந்தார்கள். அந்தப் பொங்கலுக்குப் பட்டறை பூட்டப்படவில்லை. ஆனால் அரக்கோணத்துப் பட்டறை மாசி மாதம் பூட்டப்பட்டது. அந்தப் பட்டறைக்காரருக்கு விற்று ஓட்ட நெல் இல்லை. தில்லியில் வரிக்குப் பரிந்துரை போய், நிதி அமைச்சகத்தின் முடிவுக்காகக் காத்திருந்த நேரம் அது. பரிந்துரை வந்தாலே வரி வந்துவிடாது, அமைச்சகம் வேண்டாம் என்றும் சொல்லலாம் என்று சம்யுக்தா எச்சரித்திருந்தாள்.

சித்திரையில் சொர்ணவாரி என்கிற கோடைப்போக நடவு. அன்று நானும் போயிருந்தேன். திருமுக்கூடல் கோயிலில் கல்வெட்டைப் பார்க்க வேண்டும் என்று சொன்னதால் வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள். கோயிலைப் பார்த்துவிட்டுக் கழனிக்கு வந்து வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தேன். கனகமாலா முழங்கால் சேற்றில் நின்று நாற்று முடிகளை வீசிக்கொண்டிருந்தார். வரப்பில் கிடந்த அவருடைய பையில் தொலைபேசி அடித்தது. கையெல்லாம் சேறு என்பதால், என்னை எடுத்துச் சத்தமாக வைக்கச் சொன்னார். பேசியது மாணிக்கவாசகம்.

“எங்க இருக்கற?”

“கழனியில இருக்கறேன், சொல்லுண்ணா.”

“பாலாஜி இப்பதான் போன் பண்ணி அழுவறான். வரி போட்டுட்டாங்களாம்.”

நட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். கனகமாலா வரப்புப் பக்கம் நெருங்கி வந்தார். “எவ்ளோவாம்?”

“நீங்க கேட்டதுல பாதிதான் இருக்கும்ங்கறான். அஞ்சு வருஷத்துக்கு.”

“பாதி போதும். எங்க விலையும் அவங்க விலையும் பக்கத்துல பக்கத்துல வந்துடும்.”

“உனக்குப் போதும். என் கதை என்ன? தறிக்காரன் என்னத்தான் ஏசப் போறான். நீ எவ்ளோ ஏத்தப் போற, அதைச் சொல்லு மொதல்ல.”

வரி வந்த பிறகு கனகமாலா தாராளமாக விலையை ஏற்றலாம். இரண்டு ஆண்டு நெல் அதில் திரும்பி வந்துவிடும். ஆறு பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் அவர்கள் கூலியும் இருந்தது. அவர் கையிலிருந்த நாற்று முடியைத் துளசி பக்கம் வீசிவிட்டுச் சொன்னார்.

“ஏத்தல. பழைய விலையேதான். கம்பி விலை ஏறினா ஏறும். வரியைக் காட்டி ஏத்த மாட்டேன்.”

“இப்ப சொல்லுவ. அப்புறம்?”

“அவங்க விலை பொய்யின்னு சொல்லித்தானே மனுப் போட்டேன். இப்ப நான் ஒரு பொய் விலை வெச்சா?”

“நாளைக்கு ஆறு சுருள் எடுத்து வை” என்று சொல்லி மாணிக்கவாசகம் தொலைபேசியை வைத்துவிட்டார்.

தர்மன் அதற்குள் வரப்பில் ஏறிக் காலைக் கழுவத் தொடங்கியிருந்தார். “கெளம்புங்கக்கா. ரெண்டாவது மெஷினைப் பிரிச்சி எண்ணெய் போடணும். அரக்கோணத்துப் பட்டறையில வேலை போன ரெண்டு பேருக்கும் சொல்லி அனுப்பலாமா?”

“சொல்லி அனுப்பு, வரட்டும். ஆனா இப்ப எங்க கெளம்பற? நாத்து புடுங்கி வெச்சாச்சு. வெயில்ல காய விட்டுட்டா போறது?”

“நாளைக்கு ஊர் ஆளுங்க நடுவாங்கக்கா.”

“நீ நடற எடத்தை ஊர் ஆளுக்கு எதுக்குடா விடணும்? எறங்கு.”

தர்மன் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி சேற்றில் இறங்கினார். துளசி அவர் நட்ட வரிசையைப் பார்த்து, இன்றைக்கும் பல்லிதான் ஓடுகிறது என்றாள். நாற்று தீரும்வரை யாரும் கரையேறவில்லை. ஊர் வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. தர்மன் இரவோடு இரவாக எண்ணெய் போட்டிருக்க வேண்டும், மறுநாள் விடியற்காலையிலேயே பட்டறையில் இரண்டு இயந்திரங்களும் ஓடின. அந்தச் சத்தத்தில் என் வீட்டில் வானொலிச் செய்தி கேட்கவில்லை. ஜன்னலைச் சாத்திக்கொண்டு கேட்டேன்.